ஃபெர்டினாண்ட் ஹெப்ரா: சொறி வார்டில் தொடங்கிய தோல் மருத்துவம்

தோல் நோய்களை மட்டுமே பார்த்த ஆரம்பகால டாக்டர் ஒருவருடைய வாழ்க்கையையும் வேலையையும் விரிவாகச் சொல்லுங்கள் என்பது கேள்வி. இப்படிக் கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பெயர் லண்டனில் மருத்துவம் பார்த்த ராபர்ட் வில்லன். 1757இல் யார்க்‌ஷரில் பிறந்தவர். தோலில் கண்ணுக்குத் தெரிவது பருவா, செதிலா, நீர்க்கொப்புளமா, சீழ்க்கொப்புளமா, வெறும் நிறமாற்றமா என்று பார்த்து, எல்லா நோய்களையும் 8 பிரிவுகளில் அடக்கினார். அதற்கு முன் ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் இருந்தது. ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருந்தன. 1798 முதல் 1808 வரை தன் புத்தகத்தைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். முடிப்பதற்குள் உடல்நிலை கெட்டு, 1812இல் மடெய்ரா தீவில் இறந்துபோனார். மீதி வேலையை அவருடைய மாணவர் தாமஸ் பேட்மேன் முடித்தார்.

வில்லன் பெரிய ஆள்தான். ஆனாலும் நான் சொல்ல எடுத்துக்கொள்வது அவருக்குப் பின்னால் வியன்னாவில் வேலை செய்த ஃபெர்டினாண்ட் ஹெப்ராவை. தோல் நோய்க்குப் பெயர் வைக்க வில்லன் கற்றுக்கொடுத்தார். அந்த நோய் எதனால் வருகிறது என்பதையும் தோலிலேயே தேடலாம் என்று பிடிவாதமாக நின்றவர் ஹெப்ரா. அவருக்குக் கிடைத்த வெற்றிகளும் சரி, அவர் சறுக்கிய இடங்களும் சரி, இந்த ஒரு பிடிவாதத்திலிருந்து வந்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1816 செப்டம்பர் 7 அன்று ப்ரூன் நகரில் பிறந்தார். இன்றைக்கு அது செக் குடியரசின் பிர்னோ. அன்றைக்கு ஆஸ்திரியப் பேரரசுக்குள் மொராவியா. மெண்டல் பட்டாணிச் செடி வளர்த்தாரே, அதே ஊர். 1841இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் வாங்கிய நேரம் நல்ல நேரம். அப்போது வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பேர் மருத்துவத்தையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கார்ல் ரொகிடான்ஸ்கி. பிரேதப் பரிசோதனை அறையிலேயே வாழ்ந்தவர். ஆயிரக்கணக்கான உடல்களைத் திறந்து, உயிரோடு இருந்தபோது கண்ட அறிகுறிக்கும் உள்ளே உறுப்பில் நடந்த மாற்றத்துக்கும் முடிச்சுப் போட்டார். இன்னொருவர் யோசெஃப் ஸ்கோடா. நெஞ்சைத் தட்டியும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வதைக் கறாரான முறையாக்கி, 1839இல் புத்தகம் போட்டவர். இருவருமே பொஹீமியாக்காரர்கள். மருந்துகள் மேல் இருவருக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஸ்கோடாவிடம் நோயைக் கண்டுபிடிப்பதில்தான் ஆர்வம். அப்புறம் என்ன மருந்து கொடுப்பது என்று கேட்டால் அவ்வளவாக அக்கறை காட்டமாட்டார் என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே இருந்தது.

இந்த ஸ்கோடாவின் நெஞ்சு நோய்ப் பிரிவோடு சில அறைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உடம்பில் சொறி, படை, தடிப்பு என்று வந்தவர்களையெல்லாம் தள்ளிவிடும் இடம் அது. உள்ளே கிடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சொறி பிடித்த ஏழைத் தொழிலாளிகள், பயிற்சிக்கு வந்த கைவினைப் பையன்கள், வேலைக்காரர்கள். பேர் வாங்க நினைக்கும் எந்த இளம் டாக்டரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். யாருமே தொடாத இந்தத் துறையை எடுத்துக்கொள் என்று ஸ்கோடா தன் இளம் உதவியாளரிடம் சொன்னார். ஹெப்ரா எடுத்துக்கொண்டார்.

இங்கே சொறியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஹெப்ராவின் வாழ்க்கையில் மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

நாம் சொறி சிரங்கு என்கிறோமே, அதற்குக் காரணம் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத ஓர் உண்ணி. பெண் உண்ணி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய் முட்டையிடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் மடிப்பு இதெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். 1687இலேயே இத்தாலியில் போனோமோ, செஸ்தோனி என்ற இருவர் நுண்ணோக்கியில் பார்த்து, சொறிக்குக் காரணம் இந்தப் பூச்சிதான், இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்று எழுதிவிட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1812இல் பாரிஸில் காலெஸ் என்ற மாணவர் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று படத்தோடு ஆய்வேடு கொடுத்தார். பிற்பாடு பார்த்தால் அவர் வரைந்திருந்தது பாலாடைக்கட்டியில் வரும் உண்ணி! அந்த மோசடி அம்பலமானதும், சொறிக்குப் பூச்சி என்ற பேச்சையே கேலியாகப் பார்க்கும் நிலை வந்தது. கடைசியில் 1834இல் கோர்சிகாவிலிருந்து படிக்க வந்திருந்த ரெனுச்சி என்ற மாணவர், பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு நோயாளியின் கையிலிருந்து ஊசி முனையால் உண்ணியை எடுத்துக் காட்டினார். அவருடைய தீவில் பெண்கள் சாதாரணமாகச் செய்யும் வேலை அது. டாக்டர்கள் அதுவரை கொப்புளத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். பூச்சி சுரங்கத்தின் கடைசி முனையில் உட்கார்ந்திருக்கும் என்பது கோர்சிகாப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, பூச்சி கிடைத்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஐரோப்பிய மருத்துவம் அப்போதும் உடம்பின் திரவங்கள் கெடுவதால்தான் நோய் வருகிறது என்ற பழைய நம்பிக்கையை விடவில்லை. தோலில் வெடிப்பது உள்ளே இருக்கும் கெட்டது வெளியே வரும் வழி. அதை அடைத்தால் கெட்டது உள்ளே திரும்பி நுரையீரலையோ மூளையையோ தாக்கும். ஜெர்மனியில் ஔடென்ரீத் என்ற பேராசிரியர், களிம்பு பூசிச் சொறியை அமுக்கியதால் காசநோயும் பைத்தியமும் வரும் என்றே எழுதியிருந்தார். ஹோமியோபதியை உண்டாக்கிய ஹானிமன் 1828இல் இன்னும் ஒரு படி மேலே போய், நாட்பட்ட நோய்களில் பெரும்பங்குக்கு வேர் இந்த அமுக்கப்பட்ட சொறிதான் என்றார். பூச்சியைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட, கெட்ட ரத்தம் உள்ள உடம்பில்தான் பூச்சி உண்டாகிறது என்று சமாளித்தார்கள். நம்மூரில் இன்றைக்கும் உடம்பில் படை வந்தால் "ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்லி ரத்தசுத்தி மருந்து தேடுகிறோம் அல்லவா? அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்குப் பெரிய உரிமை ஒன்றும் கிடையாது.

ஹெப்ரா செய்தது எளிமையானது, ஆனால் துணிச்சல் வேண்டியது. உண்ணியை எடுத்துத் தன் தோலிலேயே விட்டுக்கொண்டார். சொறி வந்தது. ரத்தம் கெடவும் இல்லை, உள்நோய் எதுவும் இல்லை. ஆரோக்கியமான உடம்பில் பூச்சி ஏறினாலே போதும். அடுத்து, வார்டில் இருந்தவர்களுக்குக் கந்தகக் களிம்பு பூசிப் பூச்சியை மட்டும் கொன்றார். நோயாளிகள் குணமானார்கள். அமுக்கப்பட்ட கெட்டது யாருடைய நுரையீரலுக்கும் போகவில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கஷாயம், பேதி மருந்து எதுவும் தேவைப்படவில்லை. 1844இல் இதையெல்லாம் தொகுத்துச் சொறி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு 28 வயது.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. சொறி பிடித்தவரின் உடம்பு முழுக்க தடிப்பும் புண்ணும் இருக்கும். ஆனால் பூச்சியைத் தேடினால் சில இடங்களில் மட்டும்தான் அகப்படும். அப்படியானால் மற்ற புண்கள் எங்கிருந்து வந்தன? நோயாளி நகத்தால் சொறிந்ததால் வந்தவை என்று ஹெப்ரா பிரித்துக் காட்டினார். பூச்சி செய்வது வேறு, நகம் செய்வது வேறு. இன்று நமக்குத் தெரியும், சாதாரணச் சொறியில் ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து பெண் உண்ணிகளே இருக்கும். மீதி அரிப்பு உடம்பின் ஒவ்வாமை. ஒவ்வாமை என்ற கருத்தே பிறக்காத காலத்தில், வெறும் கண்ணால் புண்ணின் வடிவத்தையும் இடத்தையும் பார்த்தே பாதி தூரம் போய்விட்டார் மனிதர். எந்தப் புண் நோயால் வந்தது, எது நோயாளி சொறிந்து வந்தது என்று கேட்பது இன்றைக்கும் தோல் ஓ.பி.யில் உட்காரும் மாணவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

இதற்கு நேர் எதிரான ஒரு வகைச் சொறியும் உண்டு. உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் லட்சக்கணக்கில் உண்ணி பெருகி, தோல் பட்டைபட்டையாகத் தடித்துவிடும். நார்வேயில் தொழுநோயாளிகளிடம் டேனியல்சன், போக் என்ற இருவர் 1848இல் இதை விவரித்தார்கள். 1862இல் அதற்கு "நார்வே சொறி" என்று பெயர் வைத்தவர் ஹெப்ரா. பாவம் நார்வே, எந்த நாட்டிலும் வரக்கூடிய நோய் அதன் தலையில் விழுந்து நூறு வருஷத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டது.

சொறியில் கிடைத்த தெளிவை ஹெப்ரா மொத்தத் தோல் நோய்களுக்கும் கொண்டுபோனார். 1845இல் புது வகைப்பாடு ஒன்றை வெளியிட்டார். ரொகிடான்ஸ்கி உறுப்புகளுக்குச் செய்ததைத் தோலுக்குச் செய்வதுதான் நோக்கம்: ரத்தம் தேங்குவது, ரத்தம் குறைவது, சுரப்பிக் கோளாறு, நீர் கசியும் அழற்சி, ரத்தக்கசிவு, தடிப்பு, மெலிவு, தீங்கற்ற கட்டிகள், புற்றுக் கட்டிகள், புண்கள், நரம்புக் கோளாறு, ஒட்டுண்ணி என்று 12 வகுப்புகள். இந்தப் பட்டியலை இன்று யாரும் அப்படியே பயன்படுத்துவதில்லை, மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஆனால் ஒட்டுண்ணிக்கு என்று ஒரு முழு வகுப்பு ஒதுக்கியதைக் கவனியுங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் 1839இல்தான் ஷோன்லைன் தலையில் வரும் ஒருவகைப் படைக்குப் பூஞ்சை காரணம் என்று காட்டியிருந்தார். பாஸ்டரும் கோக்கும் கிருமிகளைப் பற்றிப் பேச இன்னும் பல வருஷம் இருந்தது.

அடுத்து எக்ஸிமா. நம் ஊரில் கரப்பான் என்பார்கள். இதுவும் உள்ளிருந்து வரும் கெட்ட நீர்தான் என்று பாரிஸ் டாக்டர்கள் அடித்துச் சொன்னார்கள். ஹெப்ரா நல்ல தோலில் குரோட்டன் எண்ணெயைத் தேய்த்தார். அது வேறொன்றுமில்லை, சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளத்தின் எண்ணெய்தான். தோலில் பட்டால் எரித்துவிடும். தேய்த்த இடம் முதலில் சிவந்தது, பிறகு சின்னச் சின்னப் பருக்கள், அப்புறம் நீர்க்கொப்புளம், கசிவு, பொருக்கு, கடைசியில் செதில். அதுவரை தனித்தனி நோய்கள் என்று புத்தகங்களில் வேறுவேறு பெயர்களோடு இருந்தவை எல்லாம் ஒரே நோயின் அடுத்தடுத்த கட்டங்கள் என்று ஒரே கையில் தெரிந்தது. வில்லனின் முறைக்கு இது பெரிய அடி. அவர் பருவை ஒரு பிரிவிலும் நீர்க்கொப்புளத்தை வேறு பிரிவிலும் வைத்திருந்தார்.

மருந்து விஷயத்தில் ஹெப்ரா தன் குருநாதரைப் போல ஒதுங்கி நிற்கவில்லை. எந்த நோய் தானாகவே ஆறும், எது ஆறாது என்று முதலில் பார்ப்பார். தானாக ஆறுவதற்கு மருந்துக்குப் புகழ் கொடுக்கமாட்டார். ஆறாததற்கு வெளிப்பூச்சு: கந்தகம், தார், மென்சோப்பு, காரீயக் களிம்பு. ஹெப்ரா களிம்பு என்று பிற்பாடு உலகம் முழுக்கப் பெயர் பெற்றது ஆலிவ் எண்ணெயில் மிருதார்சிங்கி என்ற ஈயப்பொருளைக் காய்ச்சி, வாசனைக்குக் கொஞ்சம் லாவெண்டர் எண்ணெய் சேர்த்தது. துணியில் தடவிக் கசியும் எக்ஸிமா மேல் கட்டுவார்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது என்பதால் அது வழக்கொழிந்தது நல்லதுதான். வெளிப்பூச்சு மட்டும்தான் என்ற வீம்பும் அவரிடம் இல்லை. லைக்கன் ரூபர் என்று அவரே பெயரிட்ட கடுமையான நோய்க்கு ஆர்சனிக்கை உள்ளுக்குக் கொடுத்தார்.

தீக்காயம் பட்டவர்களுக்கும், பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் வந்து உடம்பெல்லாம் தோல் உரிந்தவர்களுக்கும் அவர் செய்த ஏற்பாடு இன்னும் வியப்பானது. படுக்கையில் படுத்தால் துணி ஒட்டும், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உயிர் போகும். ஆகவே நோயாளியை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள், தொங்கும் படுக்கையில் கிடத்திவிட்டார். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் இல்லை; நாட்கணக்கில், சிலர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில். சாப்பாடு, தூக்கம் எல்லாம் தண்ணீரிலேயே. தண்ணீர் சூடு குறையாமல் மாறிக்கொண்டே இருக்கும்படி குழாய் ஏற்பாடு. எல்லோரையும் காப்பாற்றியதா என்றால் இல்லை. வலியைக் குறைத்தது, அந்தக் காலத்தில் அதுவே பெரிது.

இனி செம்மல்வைஸ். ஹெப்ராவைப் பற்றிப் பேசும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், தோல் மருத்துவத்துக்குச் சம்பந்தம் இல்லை என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இக்னாஸ் செம்மல்வைஸ் ஹங்கேரிக்காரர். அதே மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவியாளர். மாணவர்கள் பிரசவம் பார்த்த முதல் பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் சாவு குறைவு. 1847இல் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது கத்தி குத்தி, அதே மாதிரிக் காய்ச்சலில் இறந்தார். செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது: பிணத்தைத் தொட்ட கையோடு மாணவர்கள் நேரே பிரசவம் பார்க்க வருகிறார்கள். அந்த மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதம் ஆனது.

இதை எழுதி வெளியிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். செம்மல்வைஸ் எழுதவே இல்லை. எழுதுவது அவருக்குப் பிடிக்காத வேலை. அப்போது வியன்னா மருத்துவர் சங்கத்தின் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் ஹெப்ரா. 1847 டிசம்பரில் அவரே நண்பருக்காக முதல் அறிவிப்பை எழுதினார். 1848 ஏப்ரலில் இன்னொன்று. ஜென்னரின் அம்மைப்பால் கண்டுபிடிப்போடு ஒப்பிடத்தக்கது இது என்று துணிந்து எழுதினார். உலகத்துக்குக் கை கழுவும் செய்தி முதலில் போனது ஒரு தோல் டாக்டரின் பேனாவில்தான். இது தற்செயல் இல்லை. சொறிக்குக் காரணம் கெட்ட ரத்தம் இல்லை, வெளியிலிருந்து வந்த ஒரு பொருள் என்று நிரூபித்த ஆளுக்கு, பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்றும் இல்லை, கையில் ஒட்டிய ஒரு பொருள் என்று ஏற்பதில் என்ன கஷ்டம்? மற்றப் பேராசிரியர்கள் தடுமாறிய இடத்தில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. ஒரு குறை சொல்லலாம்: முதல் அறிவிப்பு பிணத்திலிருந்து வரும் பொருளையே அழுத்திச் சொன்னது. அதனால் பிணமே தொடாத ஊர் டாக்டர்கள் இது நமக்கில்லை என்று ஒதுக்கிவிட வழி ஏற்பட்டது.

முடிவு கொடுமையானது. 1850இல் செம்மல்வைஸ் நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டுப் போனார். 1861இல் ஒருவழியாகப் புத்தகம் எழுதினார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டிக் கடிதம் போட்டார். 1865இல் மனநிலை முற்றிலும் குலைந்தது. ஜூலை கடைசியில் மனைவி அவரை வியன்னாவுக்கு அழைத்து வந்தார். ரயில் நிலையத்தில் வந்து கூட்டிக்கொண்டு போனவர் ஹெப்ரா. என்னுடைய புது மருத்துவ நிலையத்தைப் பார்க்கலாம் வா என்று சொல்லி, மனநோய் மருத்துவமனைக்குள் கொண்டுபோய் விட்டார். ஏமாற்றப்பட்டது புரிந்து வெளியேற முயன்ற செம்மல்வைஸைக் காவலர்கள் அடக்கினார்கள். பலமாக அடித்திருக்கிறார்கள் என்று பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்தவர்கள் கருதுகிறார்கள். இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, ரத்தத்தில் சீழ் பரவி இறந்தார். வயது 47.

இதற்காக ஹெப்ராவைத் துரோகி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாத நோயாளியை வேறு எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்கு 1865இல் நல்ல பதில் எதுவும் இல்லை. ஆனால் பொய் சொல்லிக் கூட்டிப்போனது பொய்தான்.

வியன்னாவில் ஹெப்ராவின் நிலை இதற்குள் உயர்ந்திருந்தது. 1849இல் பேராசிரியர், 1869இல் முழுப் பேராசிரியர். யாரும் எட்டிப் பார்க்காத அந்த அறைகளுக்கு இப்போது பல நாடுகளிலிருந்தும் டாக்டர்கள் படிக்க வந்தார்கள். 1850களில் வந்த பாஸ்டன்காரர் ஜேம்ஸ் வைட் திரும்பிப் போய் ஹார்வர்டில் தோல் மருத்துவப் பேராசிரியர் ஆனார். அமெரிக்காவில் அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். பிலடெல்பியாவின் லூயி டூரிங்கும் வியன்னாவில் படித்துப் போனவர்தான். மாணவர்களில் ஔஸ்பிட்ஸும் பிக்கும் சேர்ந்து 1869இல் தொடங்கிய தோல் மருத்துவ ஆய்விதழ் பெயர் மாறி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. சோரியாசிஸில் செதிலைச் சுரண்டினால் புள்ளிப் புள்ளியாக ரத்தம் துளிர்ப்பதை ஔஸ்பிட்ஸ் அறிகுறி என்கிறோமே, அந்த ஔஸ்பிட்ஸ்.

வர முடியாதவர்களுக்காக ஒரு வண்ணப் படத்தொகுப்பு போட்டார். 1856 முதல் 1876 வரை 20 வருஷம் தவணை தவணையாக வந்தது. படங்கள் பெரிய அளவில், ஆளைப் பார்ப்பது போலவே இருக்கும். வரைந்தவர்கள் இருவரும் டாக்டர்கள்: அன்டன் எல்ஃபிங்கர், கார்ல் ஹைட்ஸ்மான். எல்ஃபிங்கர் பகலில் நோயாளிகளின் புண்ணை வரைவார். காயெடான் என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரமும் போடுவார். முகத்தை உற்றுப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே வேலைதான் போலிருக்கிறது. அந்தப் படங்களைப் பார்த்தால், முகம் மரியாதையோடு வரையப்பட்டிருப்பது தெரியும். வெறும் நோயை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டவில்லை. கைப்பேசியில் மங்கலாக எடுத்து அனுப்பப்படும் படங்களைப் பார்த்து நோய் சொல்லச் சொல்லும்போது எனக்கு எல்ஃபிங்கர் ஞாபகம்தான் வரும்.

1860இல் பாடநூலின் முதல் பகுதி வந்தது. லண்டனில் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார்கள். எரித்தீமா மல்டிஃபார்மே என்று இன்று சொல்லும் நோயை அதில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: புறங்கையில் வட்டத்துக்குள் வட்டமாகச் சிவந்த தடிப்பு, சில வாரங்களில் தானாக மறைவது, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் திரும்ப வருவது. உதட்டில் வரும் அக்கிக் கொப்புளத்தின் வைரஸ் பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. மூக்குக்குள் கெட்டியாக வளரும் ரைனோஸ்க்ளிரோமாவுக்கு 1870இல் பெயர் வைத்ததும் அவர்தான்.

இப்போது சறுக்கல்கள். தொடை இடுக்கில் ஓரம் தடித்து வட்டமாகப் பரவும் நோய் ஒன்றை விவரித்து, அதை எக்ஸிமாவில் ஒரு வகை என்று பெயரிட்டார். கோப்னர் 1864இல் அதில் பூஞ்சை இருப்பதைக் காட்டினார். ஆம், நம் படர்தாமரைதான். உண்ணியைத் தேடிப் பிடித்த மனிதர் பூஞ்சையைக் கோட்டைவிட்டார். அவரைக் குறை சொல்லுமுன் நம் தெரு மெடிக்கல் ஷாப்புகளையும் நினைத்துப் பாருங்கள்: படர்தாமரைக்கு எக்ஸிமா என்று நினைத்து ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசி, மாதக்கணக்கில் வளர்த்துக்கொண்டு வருபவர்கள் இன்றும் தினமும் வருகிறார்கள்.

பெரிய தவறு அம்மை விஷயத்தில். சின்னம்மையும் பெரியம்மையும் வேறு வேறு நோய் என்று லண்டனில் ஹெபர்டன் 1767இலேயே சொல்லிவிட்டார். ஹெப்ரா கடைசி வரை ஏற்கவில்லை. இரண்டும் ஒரே நோய், ஒன்று கடுமை, மற்றது லேசு, அவ்வளவுதான் என்றார். அவர் மருமகன் காப்போசியும் அதையே பிடித்துக்கொண்டார். ஏன் இப்படி? தோலை மட்டும் பார்த்தால் கொப்புளத்துக்கும் கொப்புளத்துக்கும் அளவில்தான் வித்தியாசம். ஒரு நோய் வந்து போனவருக்கு மற்றது வருகிறதா, ஊரில் எது எப்போது பரவுகிறது, அம்மை குத்தியும் ஏன் சின்னம்மை வருகிறது என்று தோலுக்கு வெளியே கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். எக்ஸிமாவின் ஆறு முகங்களை ஒரே நோயாகப் பார்த்த அதே கண், இங்கே இரண்டு நோயை ஒன்றாகப் பார்த்துவிட்டது. வியன்னாவின் செல்வாக்கு பெரிது என்பதால் தவறும் அதே அளவுக்கு ஐரோப்பாவில் நீடித்தது.

பாரிஸில் பாஸான் போன்றவர்களோடு நடந்த சண்டையும் இதே வகை. உடம்பின் உள்வாகு, பரம்பரை, அதில்லாமல் எக்ஸிமா ஏது என்றார்கள் அவர்கள். தேய்த்தால் வருகிறதே, பிறகு வாகு எதற்கு என்றார் ஹெப்ரா. இரு தரப்பிலும் பாதி உண்மை இருந்தது. குழந்தைகளுக்குப் பரம்பரையாக வரும் எக்ஸிமாவும் உண்டு, சிமெண்ட் பட்டு மேஸ்திரி கையில் வருவதும் உண்டு. அந்தக் காலத்து நிலைமையில் ஹெப்ரா பக்கம்தான் அதிகப் பயன் தந்தது என்பேன். அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது, வாகைச் சோதிக்க யாரிடமும் வழி இல்லை.

பேரரசு அவருக்குப் பிரபுப் பட்டமும் கொடுத்தது. ஃபெர்டினாண்ட் ஃபோன் ஹெப்ரா என்று பெயருக்கு நடுவில் "ஃபோன்" வருவது அதனால்தான். 1880 ஆகஸ்ட் 5 அன்று வியன்னாவில் இறந்தார். மகன் ஹான்ஸும் தோல் மருத்துவர்தான். ஆனால் நாற்காலி போனது மருமகன் காப்போசிக்கு. ஹங்கேரியில் காப்போஷ்வார் என்ற ஊரில் ஏழை யூதக் குடும்பத்தில் மோரிட்ஸ் கோன் என்ற பெயரில் பிறந்தவர். மதம் மாறி, ஹெப்ராவின் மகள் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். வியன்னா மருத்துவ வட்டாரத்தில் கோன்கள் நிறைய என்பதால் 1871இல் சொந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். மாமனார் தயவில் வந்தவர் என்று பேசியவர்கள் பேசினார்கள். ஆனால் சூரிய ஒளி பட்டாலே தோல் வறண்டு புற்று வைக்கும் ஸீரோடெர்மா பிக்மென்டோசத்தை விவரித்தவர், 1872இல் தன் பெயரைத் தாங்கப்போகும் சார்க்கோமா என்ற புற்றுநோயை விவரித்தவர், மாமனார் பாதியில் விட்ட பாடநூலை 1876இல் முடித்தவர் எல்லாம் இவர்தான். 1881இல் வார்டின் பொறுப்பு முறையாக அவர் கைக்கு வந்தது. 1902இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.